பிரசாதம் ஒன்னும் செய்யாது

கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். தணிவதாக இல்லை. அதனால் கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் மூடி வைத்துவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் உங்கள் வீட்டில் சிறுநீரகம் கெட்டுப்போன ஒருவர் இருந்தால், பஞ்சாமிர்தக் கிண்ணத்தோடு அவர் பக்கத்தில் போகும் முன் இதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

என் பெயர் தனலெட்சுமி. கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பிள்ளைகளுக்கு நான் வேன் ஆன்டி. ஹார்ன் அடித்தும் வெளியே வராத வீட்டின் முன்னால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரியும். என் வீட்டுக்காரர் குணசேகரன் எனக்கு நேர்மாறு. சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்துக்கொள்கிறார், மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. காலையில் குளித்ததும் சாமி மேடைக்கு முன்னால் நின்று நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் வாசல் தாண்ட மாட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை வேண்டும் என்று அவர் இருக்காத விரதம் இல்லை, எடுக்காத காவடி இல்லை. முருகன் கொடுக்கவில்லை. அதற்காக அவர் ஒரு நாள்கூட முருகனைக் கோபித்துக்கொண்டதில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் கோபித்துக்கொண்டேன்.

நோய் சத்தமில்லாமல் வந்தது. எனக்கு நெடுநாளாக இனிப்புநீர், சர்க்கரை வியாதி உண்டு. மாத்திரை போடுவேன், மறப்பேன், மறுபடி போடுவேன். போன வருடம் கால் வீங்க ஆரம்பித்தது. செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் அப்படியே நிற்கும். ஒரு பிள்ளையின் புத்தகப் பையைத் தூக்கி வேனில் வைத்தாலே மூச்சு வாங்கியது. சாப்பாட்டில் இரும்பு வாசனை அடித்தது. வயதாகிறது, வேறென்ன என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் எடுத்த மலாய்க்கார டாக்டர் பெண்தான் முகம் மாறி, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்பது என்றால் என்ன என்று போனவர்களுக்குத் தெரியும். நாற்காலி கிடைத்தால் நம்பர் வராது. நம்பர் வரும் நேரம் பார்த்து ஒண்ணுக்கு முட்டும். குளிர்சாதனம் எலும்புக்குள் இறங்கும். என் வீட்டுக்காரர் தன்னுடைய மோட்டார் ஜாக்கெட்டைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, தான் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினார். என்னமோ பெரிய தியாகம் என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை. அவர் சுபாவம் அது.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கிரியாட்டினின் என்று ஒரு கழிவு. உடம்பு தினமும் அதை உண்டாக்கும், சிறுநீரகம் தினமும் அதை வெளியே தள்ளும். தள்ள முடியாமல் போனால் ரத்தத்தில் தேங்கும். எனக்குத் தேங்கிய அளவைப் பார்த்தால், இரண்டு சிறுநீரகமும் சேர்ந்தே பத்தில் ஒரு பங்கு வேலைகூடச் செய்யவில்லை. இனிமேல் அந்த வேலையை ஒரு இயந்திரம் செய்ய வேண்டும். ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடும். அதுதான் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று தடவை, வாழ்நாள் முழுக்க, மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தாலொழிய.

இயந்திரத்துக்கு ரத்தம் வேகமாகப் போய் வர வேண்டும். சாதாரண நரம்பு அதைத் தாங்காது. அதனால் கையில் ஒரு சின்ன ஆப்பரேஷன் செய்து, இதயத்திலிருந்து ரத்தம் கொண்டு வரும் குழாயையும் திரும்பக் கொண்டு போகும் குழாயையும் ஒட்டிவிடுவார்கள். ஃபிஸ்துலா என்று பெயர். அது தடித்துப் பழுக்கச் சில வாரம் ஆகும். ஆகவே உடம்பு கையை விரிப்பதற்கு முன்னாலேயே செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். உணவுக் கட்டுப்பாடு சொல்லிக் கொடுக்க ஒரு பெண் வந்தாள். சிரித்த முகம். “பீசாங் தா போலே லா, புவான். கெலாப்பா மூடா லகி தா போலே” என்றாள். வாழைப்பழம் கூடாது, இளநீர் அதைவிடக் கூடாது. நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் முதலில் போன் அடித்தது அவருடைய அக்காவுக்கு. என் நாத்தனார் சரஸ்வதி பிரிக்பீல்ட்ஸில் பிளாட்டில் இருக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சமய வகுப்பு நடத்துகிறார், மரியாதையானவர், நாலு பேருக்குச் சோறு போடுகிறவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன், அவர் சொன்னதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலமே வந்துவிட்டார். “ஒரு மண்டலம் முருகனுக்கு விரதம் இருப்போம் தனம். நாப்பத்தெட்டு நாளு. கடைசி நாளு அபிஷேகம். கிட்னி தானா வேல செய்யும் பாரு.”

“ஆப்பரேஷனுக்கு நாள் குடுத்திருக்காங்க, அக்கா. அது நடுவுல, அடுத்த வாரமே வருது.”

“விரதத்துல கத்தி படக் கூடாது. தள்ளிப் போடு.”

“உங்களுக்குக் கிட்னி போனா நீங்க தள்ளிப் போடுவீங்களா?” என்று கேட்டேன். கேட்டது தப்பா? இன்றைக்கும் அதே கேள்விதான் என்னிடம் இருக்கிறது. அவர் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். “ஒரு மண்டலம்தானே. எனக்காக இரு தனம்” என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து தனக்காக என்று அந்த மனிதர் எதையும் கேட்டதில்லை, தேத்தண்ணிகூட அவரே கலக்கிக்கொள்வார். நான் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்துத் தேதியை மாற்றினேன். எடுத்த பெண் “ஸ்யோர் ஆ, புவான்?”, நிச்சயமா என்று இரண்டு தரம் கேட்டாள்.

கடைசி நாள் அபிஷேகம் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கோயிலில் நடந்தது. சமய வகுப்புப் பெண்கள், சொந்தக்காரர்கள் என்று நல்ல கூட்டம், எல்லாரும் எனக்காக வந்தவர்கள். அவர்கள் பாடும்போது நானும் சேர்ந்து கை தட்டினேன். அபிஷேகம் முடிந்ததும் பாத்திரம் நிறையப் பஞ்சாமிர்தம் வந்தது. வாழைப்பழம், பேரீச்சை, திராட்சை, வெல்லம், தேன். கூடவே முருகனுக்கு ஊற்றிய இளநீர் ஒரு ஜக்கில்.

“அக்கா, இதுல வாழப்பழம் இருக்கு. எனக்கு ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். என் மெதுவு மற்றவர்களுக்குச் சத்தம்.

நாத்தனார் சிரித்தார். “இது என்ன பாசார்ல வாங்குன பழமா? சாமி மேல பட்டது. பிரசாதம் ஒன்னும் செய்யாது லா. நம்பிக்க இல்லாம சாப்பிட்டாத்தான் செய்யும்.”

எத்தனை கண்கள் என்னைப் பார்த்தன தெரியுமா? எனக்காகப் பட்டினி கிடந்தவர்கள், எனக்காகப் பாடியவர்கள். வேண்டாம் என்றால் முருகனையே வேண்டாம் என்றவள் ஆகிவிடுவேன். என் வீட்டுக்காரர் ஒரு கரண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிள்ளை வரம் கேட்டபோது வராத சாமி இந்த முறை வந்துவிட்டார் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. நான் சாப்பிட்டேன். இளநீர் குடித்தேன். அப்புறம் ஆளுக்கு ஒரு கரண்டி என்று வந்து ஊட்டினார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உப்பு சப்பில்லாத வேகவைத்த காய்கறியையே தின்று தின்று நாக்கு செத்துப் போயிருந்தது. ருசித்துச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் வேனை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குத் திரும்பினோம். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது நான்தான். அவருக்குக் கார் லைசென்ஸ் உண்டு, தைரியம் கிடையாது. ஃபெடரல் ஹைவேயில் வழக்கமான ஜாம். உதடு முதலில் மதமதத்தது. அப்புறம் தொடை கனத்தது. சுபாங் ஜெயா தாண்டும்போது முன்னால் போன லோரி நின்றது, நான் பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினேன், கால் வரவில்லை. இரண்டு கையாலும் தொடையைத் தூக்கிப் பிரேக் மேல் போட்டேன். லோரியின் பின்புறம் கண்ணாடி முழுக்க வந்து நின்றது. எப்படியோ ஓரங்கட்டினேன்.

“என்னங்க, கால் வரல.”

“மரத்துப் போச்சா?”

“வரலன்னு சொல்றேன்! நீங்க ஓட்டுங்க!”

என்னைத் தூக்கிப் பின்னால் பிள்ளைகள் உட்காரும் சீட்டில் கிடத்தினார். அந்த மனிதர் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து ஓட்டினார். சுற்றிலும் ஹார்ன். நான் படுத்தபடியே “சிக்னல் போடுங்க, இடது பக்கம் பாருங்க, மோட்டார் வருது” என்று கத்திக்கொண்டே போனேன். கத்திக்கொண்டே இருந்தால் சாக மாட்டேன் என்று எனக்கு ஒரு எண்ணம். நெஞ்சு துடிப்பது குறைந்துகொண்டே வந்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில், இனிமேல் வருமா என்று நான் காத்திருந்தேன். பயம் என்றால் அதுதான் பயம்.

எமர்ஜென்சியில் என்னை நேராக உள்ளே தள்ளினார்கள். மார்பில் ஒயர் ஒட்டினார்கள். ஓடி வந்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், யாழினி என்று சட்டையில் பெயர், வயது முப்பதைத் தாண்டியிருக்காது. காகிதத்தில் ஓடிய கோட்டைப் பார்த்ததும், “ஆன்டி, இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?” என்றாள்.

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “வெளிய ஒன்னும் சாப்பிடல டாக்டர். சாமி பிரசாதம்தான். பஞ்சாமிர்தம், எளநி.” தெம்பாகத்தான் சொன்னார். இதைக் கேட்டால் டாக்டருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். கை பாட்டுக்கு வேலை செய்ய, வாய் பாட்டுக்குச் சொன்னது. “அங்கிள், அதுல பொட்டாசியம் இருக்கு. வாழப்பழம், பேரீச்ச, வெல்லம், எளநி, எல்லாத்துலயும் இருக்கு. உங்களுக்கும் எனக்கும் அது ஒண்ணுக்குல போயிரும். ஆன்டிக்குப் போக வழியில்ல. ரத்தத்துல ஏறுனா மொதல்ல கை கால் விழும், அப்புறம் ஹார்ட் நின்னுரும். இப்ப ஹார்ட் நிக்கிற எடத்துலதான் இருக்கு. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

அவர் வெளியே போனார். போகும்போது அவர் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

கால்சியம் ஊசி நரம்பில் ஏறியபோது உடம்பெல்லாம் கொதித்தது. அது இதயத்தைக் காவல் காக்கும். அப்புறம் இன்சுலினும் சர்க்கரைத் தண்ணீரும் சேர்த்து ஏற்றினார்கள், பொட்டாசியத்தைக் கொஞ்ச நேரம் ரத்தத்திலிருந்து ஒதுக்கி வைக்க. அதற்குள் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் சொருகி டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைத்தார்கள். ஃபிஸ்துலா ஆப்பரேஷனை நான் தள்ளிப் போடாமல் இருந்திருந்தால் அந்தக் கழுத்துக் குழாயே தேவைப்பட்டிருக்காது. இதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்த நேரத்தில் நான் முருகனைக் கும்பிடவில்லை. திட்டினேன். வாய்விட்டுத் திட்டினேன். “ஏண்டா, உன் பேரச் சொல்லி என் வாயில வெஷத்த ஊத்துறாங்க, நீ மயில் மேல ஒக்காந்து வேடிக்கையா பாக்குற? புள்ளதான் குடுக்கல. அந்த மனுஷனுக்கு இருக்குறது நான் ஒருத்திதான், என்னையும் புடுங்கிக்கிட்டா அவரு யாருகிட்ட போவாரு? எறங்கி வாடா!” மிஸ்ஸி ஒருத்தி, நல்ல உயரமான மலாய்க்கார நர்ஸ், நான் வலியில் கத்துகிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாரும் சொல்கிறார்கள், கஷ்டத்தில் கடவுளை நம்பினால் மனதுக்கு அமைதி கொடுப்பார், பலம் கொடுப்பார் என்று. அமைதி எனக்கு வரவே இல்லை. கோபம்தான் வந்தது. கண் செருகும் போதெல்லாம் இன்னொரு வசவு நினைவுக்கு வந்து என்னைத் தட்டி எழுப்பியது. இல்லாத ஆளை யாராவது இப்படி விடாமல் திட்டுவார்களா? அவர் அங்கே இருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்த மாதிரி எந்தப் பூசையிலும் தெரிந்ததில்லை. அந்தக் கோபத்தைக் கொடுத்தவரும் அவர்தான் என்று நம்புகிறேன். யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

வார்டுக்கு மாற்றினார்கள். கழுத்தில் குழாயோடு திரும்பிப் படுக்க முடியாது, தலைவாரிக்கொள்ள முடியாது. தண்ணீர் அளந்து அளந்துதான். எதிர்க் கட்டில் மக்சிக், வயதான மலாய்க்கார அம்மா, தன் மகன் கொண்டு வந்த ஐஸ்கட்டியில் ஒன்றை எனக்குக் கொடுத்தனுப்புவார், தாகத்துக்கு வாயில் அடக்கிக்கொள்ள. அவரும் டயாலிசிஸ்தான், அவருக்கு அந்தத் தாகம் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில் எங்களைக் கொல்லவில்லை. வெளியே போன பிறகு வாழ்நாள் முழுக்க வரப்போகும் செலவை நினைத்தால்தான் பயம், அதற்கு மருத்துவ சமூக நல அதிகாரி வழி காட்டினார்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ நாத்தனார் வந்தார். கையில் திருநீற்றுப் பொட்டலம். என் நெற்றியில் பூசிவிட்டு, “பாத்தியா, முருகன் கைவிடல. நான் சொன்னேன்ல?” என்றார். நான் பேசாமல் இருந்தேன், சத்தியமாக இருந்தேன். ஆனால் அவர் நிறுத்தவில்லை. “ஒனக்குள்ள எங்கயோ சந்தேகம் இருந்திருக்கு தனம். அதான் இப்படி ஆச்சு. எங்களுக்கெல்லாம் ஒன்னும் ஆவலயே.”

“ஒங்களுக்குக் கிட்னி இருக்கு, அக்கா!” என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. “சாமி வாயத் தொறந்து பேசாதுன்னு தைரியம். அவரு வாய நீங்க வாடகைக்கு எடுத்துக்கிட்டீங்க. பிரசாதம் ஒன்னும் செய்யாதுன்னு அவரு எப்ப சொன்னாரு? கத்தி படக் கூடாதுன்னு எப்ப சொன்னாரு? நீங்க சொன்னீங்க. சொல்லிட்டு அவரு பேரப் போட்டுட்டீங்க. நான் செத்திருந்தா அதுக்கும் விதின்னு ஒரு பேரு வச்சிருப்பீங்க.”

அவர் பொட்டலத்தை மடித்துக்கொண்டு அழுதுகொண்டே போனார். அவருக்காக இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு வரவில்லை, அதையும் மறைக்கவில்லை.

ஆனால் என்னை உண்மையிலேயே கலக்கியது நாத்தனார் அல்ல. என் வீட்டுக்காரர். தினமும் வேலை முடிந்து வந்தார், கஞ்சி ஊட்டினார், கால் அமுக்கினார். பேசவில்லை. முதல் நாள் எனக்குப் புரியவில்லை, இவர் முகத்தில் என்ன குறைகிறது என்று. இரண்டாம் நாள் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது.

“திருநீறு எங்க?”

“மறந்துட்டேன்.”

இத்தனை வருடத்தில் காய்ச்சலிலும் மறக்காத மனிதர். நான் பிடித்து உலுக்க உலுக்க வெளியே வந்தது. சாமி மேடையிலிருந்த படங்களையெல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டாராம். விளக்கு ஏற்றுவதில்லையாம். அதோடு நின்றாரா? தன்னுடைய ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை.

“நான்தானே தனம் ஒன் கையில வச்சேன்” என்றார். “புள்ள குடுக்கலன்னப்பகூட நான் ஒன்னும் கேக்கல. எதோ காரணம் இருக்கும்னு விட்டேன். இப்ப என் கையாலேயே ஒன்ன... நான் இனிமே அவரக் கும்பிட மாட்டேன். எனக்கும் ஒன்னும் வேணாம்.”

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! கழுத்தில் குழாய் என்னுடையது, சாகப் பார்த்தவள் நான். கோபித்துக்கொள்ளும் உரிமை எனக்குத்தான். நானே இன்னும் முருகனோடு பேச்சு வார்த்தையில் இருக்கிறேன், இவர் யார் கதவைச் சாத்துவதற்கு? அதற்கும் கீழே ஒரு பயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு மூன்று தடவை என்னை இயந்திரத்துக்குக் கொண்டு போய்க் கொண்டு வரப்போகிறவர் இவர்தான். இவருக்குக் கோபப்படத் தெரியாது, சண்டை போடத் தெரியாது. கும்பிடத்தான் தெரியும். அதையும் பிடுங்கிவிட்டால் இந்த மனிதர் நிற்க எலும்பே இல்லை. எனக்கு முன்னால் இவர் போய்விடுவார் என்று தோன்றியது. பொட்டாசியத்துக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை.

“கும்பிட வேணாம்” என்றேன். “போயி திட்டிட்டு வாங்க.”

“என்ன?”

“அவரு முன்னாடி போயி நில்லுங்க. ஏண்டா இப்படிப் பண்ணேன்னு கேளுங்க. நான் கேக்குறேன்ல? நீங்க கேட்டா வாய் வெந்துருமா?”

“எனக்கு அதெல்லாம் வராது தனம்.”

“வராதுன்னா மாத்திரையாவது போடுங்க! ஒங்களுக்கும் ஒரு கட்டில் பக்கத்துல போட்டுக் குடுக்கச் சொல்லவா?” மாத்திரையை அன்றே என் எதிரில் போட வைத்தேன். படங்களைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னேன். அதற்குத் தலையாட்டவில்லை.

கழுத்துக் குழாயோடு வீட்டுக்கு வந்தேன். சாமி மேடை காலியாக இருந்தது, படம் இருந்த இடத்தில் மட்டும் சுவர் வெளுப்பாக. கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் இடம் கிடைத்தது. அவர் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வேனிலேயே கொண்டு போய் விட்டார். இப்போது நடுங்காமல் ஓட்டுகிறார், இடது பக்கமும் பார்க்கிறார். இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து என் கால் மேல் போர்வையை இழுத்து விடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். ஊரே அவரைப் பார்த்து எவ்வளவு பொறுமை என்று மெச்சியது. பொறுமையா அது? உள்ளே ஆள் இல்லை என்று எனக்குத்தானே தெரியும்.

நாத்தனார் போன் அடித்தார். அவர் பேசுவதற்குள் நான் சொன்னேன், “அக்கா, ஆப்பரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. அன்னிக்கு அஷ்டமியா இருந்தாலும் சரி, அமாவாசையா இருந்தாலும் சரி, நான் போறேன்.” அப்புறம், “ஒன் புருஷன் எங்கிட்ட பேசுறதில்ல தனம்” என்றார். குரல் உடைந்திருந்தது. “எங்கிட்டயும் பேசுறதில்லை, அக்கா” என்றேன். அத்தோடு போனை வைத்தோம்.

ஆப்பரேஷன் கையை மட்டும் மரக்க வைத்துச் செய்வது. நான் முழுக்க விழித்திருந்தேன். துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர்கள் என் கையைத் தைத்தார்கள், இந்தப் பக்கம் நான் என் வேலையைப் பார்த்தேன். முருகனோடுதான். இந்த முறை அவ்வளவு கெட்ட வார்த்தை இல்லை. அந்த மனுஷன் உள்ள ஒன்னும் இல்லாம நடமாடுறாரு, நீ போட்ட முடிச்சு, நீயே அவுத்து விடு என்று கேட்டேன். கேட்டது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. “புவான், ஓகே?” என்றார் டாக்டர். “ஓகே, ஓகே. ஓன் பிசினஸ்” என்றேன், அது என் சொந்த விவகாரம்.

முடிந்ததும் மிஸ்ஸி என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு ஒரு பாடம் நடத்தினாள். ஒட்டிய இடத்தில் ரத்தம் வேகமாகப் பாயும்போது தோலுக்கு அடியில் ஒரு அதிர்வு இருக்கும். கையை வைத்தால் குறுகுறுவென்று தெரியும். அது இருக்கும் வரை ஃபிஸ்துலா உயிரோடு இருக்கிறது. நின்றுவிட்டால் உள்ளே அடைத்துக்கொண்டது, உடனே ஓடி வர வேண்டும். தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும். நானே பார்த்துக்கொள்ளலாம் என்றாள். “இல்ல மிஸ்ஸி, நான் பாக்குறேன்” என்றார் அவர். நெடுநாளைக்குப் பிறகு அவராக வாயைத் திறந்து கேட்டு வாங்கிய வேலை அது.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தார். பழக்கத்தில் கால் சாமி மேடைப் பக்கம் போய், நின்று, திரும்பியது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து என் கைக்கட்டுக்கு மேலே உள்ளங்கையை வைத்தார். குறுகுறுவென்று அது ஓடுவது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் கை அங்கே இருக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. வேலைக்கு நேரமாகிறது என்று நான்தான் விரட்ட வேண்டியிருந்தது.

கட்டுப் பிரித்த வாரம் ஒரு நாள் காலையில் அவர் அப்படி உட்கார்ந்திருந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடை வழியாக என் கையில் சொட்டியது. உதடு அசைந்தது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, எனக்குத் தெரிந்த அந்த மனிதர் மாதிரியே இல்லை. பதறிப்போய்விட்டேன்.

“என்னங்க? ஓடலயா? நின்னுருச்சா?”

“ஓடுது” என்றார்.

“அப்புறம் என்ன முணுமுணுக்குறீங்க?”

கண்ணைத் திறக்கவே இல்லை. “சும்மா இரு தனம்” என்று என்னை அதட்டினார், என் வாழ்க்கையில் முதல் தடவையாக. “அவரத் திட்டிக்கிட்டு இருக்கேன்.”